பெயர் மட்டும் மிஞ்சிய மோட்டார் சைக்கிள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மோட்டார் சைக்கிள்களின் படங்களைச் சேர்த்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. வீட்டுக்கு வருகிறவர்கள் அவற்றைப் புரட்டும்போது என்ஃபீல்டையும் டிரையம்பையும் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வார்கள். அடுத்த பக்கத்தில் நட், பேட், எச்.ஆர்.டி., மார்ட்டின்சைடு என்று வரும். உடனே கேள்விகள் ஆரம்பித்துவிடும். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய், அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, கீழே பதிலையும் எழுதி வைத்துவிட்டேன். பெரும்பாலும் 1900 முதல் 1930 வரையிலான பிரிட்டனின் கதை. நடுவில் ஜெர்மனியையும் அமெரிக்காவையும் ஒருமுறை எட்டிப் பார்க்கிறோம்.

ராயல் என்ஃபீல்டு, டிரையம்ப், நார்ட்டன். இவங்களைத் தவிர வேற யாரு இருந்தாங்க?

நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தார்கள். அந்த முப்பது ஆண்டுகளில் பிரிட்டனில் மட்டும் பல நூறு பெயர்களில் மோட்டார் சைக்கிள் விற்பனைக்கு வந்தது. சில பெயர்கள் பத்து, இருபது வருடம் தாக்குப்பிடித்தன. பல பெயர்கள் ஒரே சீசனோடு சரி. இந்த வருடக் கண்காட்சியில் பளபளவென்று வண்டியை நிறுத்துவார்கள், அடுத்த வருடம் அந்த இடத்தில் வேறு யாராவது நிற்பார்கள்.

இவர்களில் பெரும்பாலோர் கவென்ட்ரி, பர்மிங்காம், வுல்வர்ஹாம்ப்டன் ஆகிய மூன்று ஊர்களையும் லண்டனையும் சுற்றியே இருந்தார்கள். நாம் இன்று தெரிந்து வைத்திருக்கும் நாலைந்து பெயர்கள், அந்தக் கூட்டத்தில் கடைசிவரை நின்றவை. அவ்வளவுதான்.

திடீர்னு இவ்வளவு பேருக்கு மோட்டார் சைக்கிள் செய்யணும்னு எப்படித் தோணுச்சு?

காரணம் சைக்கிள்தான். 1890களின் நடுவில் பிரிட்டனில் சைக்கிள் மோகம் தலைக்கேறி இருந்தது. கடன் வாங்கி, பங்கு விற்று, தொழிற்சாலைகளைப் பெரிதாக்கினார்கள். 1897க்குப் பிறகு அந்த மோகம் சட்டென்று வடிந்தது. குழாய் வளைக்கவும், பற்றவைக்கவும், சக்கரம் கோக்கவும் தெரிந்த ஆட்கள் வேலையில்லாமல் நின்றார்கள். அதே நேரத்தில் சைக்கிளில் மாட்டக்கூடிய அளவுக்குச் சின்ன பெட்ரோல் எஞ்சின்கள் பிரான்ஸிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் வர ஆரம்பித்தன. இரண்டும் ஒன்று சேர்ந்தன.

அந்த ஊர்களுக்கு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது புதிதில்லை. கவென்ட்ரியில் சைக்கிள் தொழிலே ஒரு தையல் மெஷின் கம்பெனியிலிருந்து பிறந்ததுதான். ரெட்டிச் ஊசிக்குப் பேர்போன ஊர். ராயல் என்ஃபீல்டின் வேர் அங்கிருந்த ஓர் ஊசித் தொழிற்சாலையில் இருக்கிறது. பி.எஸ்.ஏ. துப்பாக்கி செய்த கம்பெனி. ஊசியிலிருந்து சைக்கிள், சைக்கிளிலிருந்து மோட்டார் சைக்கிள் என்று போனவர்களுக்கு அது அடுத்த படி மட்டுமே.

ஒரு சின்னப் பட்டறைக்காரர் எஞ்சினை எப்படிச் செஞ்சார்?

செய்யவில்லை, வாங்கினார். இந்த விஷயம் புரிந்துவிட்டால் கீழே வருகிற பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

ஆரம்பத்தில் பிரான்ஸின் டி டியோன் எஞ்சின், அதைப் பார்த்துச் செய்த நகல்கள், பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப்பிலிருந்து வந்த மினர்வா எஞ்சின் ஆகியவை ஓடின. 1902இல் வந்த முதல் டிரையம்பில் இருந்ததே மினர்வா எஞ்சின்தான். அப்புறம் பிரிட்டனிலேயே எஞ்சின் செய்து யாருக்கு வேண்டுமானாலும் விற்கும் கம்பெனிகள் வந்தன. லண்டன் டாட்டன்ஹாமில் ஜான் ஆல்ஃபிரட் பிரஸ்ட்விச் என்பவர் நடத்திய ஜே.ஏ.பி. இதில் முக்கியமானது. சினிமா கருவிகள் செய்துகொண்டிருந்த மனிதர் அவர். பர்மிங்காமில் எஃப். ஈ. பேக்கரின் பிரிசிஷன் எஞ்சின். வுல்வர்ஹாம்ப்டனில் சைக்கிள் பெடலும் ஃப்ரீவீலும் செய்துவந்த வில்லியர்ஸ், 1913இல் 269 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சினைக் கொண்டுவந்தது. மலிவு, எளிமை, ரிப்பேருக்கு அதிக வேலை வைக்காது. சின்னக் கம்பெனிகளுக்கு அது வரப்பிரசாதம்.

மற்ற சாமான்களும் இப்படித்தான். ஃப்ரேம் குழாய்களை இணைக்கும் லக்குகளுக்கு லண்டனில் சேட்டர்-லீ. கியர்பாக்ஸுக்கு ஸ்டர்மி-ஆர்ச்சர், பர்மன், ஆல்பியன். முன்ஃபோர்க்குக்கு டுரூயிட், பிராம்ப்டன். கார்புரேட்டருக்கு அமாக், பின்க்ஸ். சீட்டுக்கு புரூக்ஸ். எஞ்சினுக்குப் பொறி தரும் மேக்னெட்டோவுக்கு ஜெர்மனியின் பாஷ். இவ்வளவையும் கடிதம் போட்டு வரவழைத்து, குழாய்களை லக்கில் சொருகி, பித்தளை வைத்துப் பற்றவைத்து, கறுப்பு எனாமல் அடித்து, டேங்கில் தங்கக் கோடு போட்டுப் பெயரை ஒட்டினால் வண்டி தயார். ஒரு கொல்லைப்புறக் கொட்டகையும் நாலு ஆட்களும் போதும்.

அப்படின்னா அது வெறும் அசெம்பிளி தானே? அதைப் போய் கம்பெனின்னு சொல்றதா?

இந்தக் கேள்வியில் கொஞ்சம் ஏளனம் இருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே சந்தையில் காய்கறி வாங்கிய இரண்டு பேரின் சாம்பார் ஒன்றாக இருக்காது. எஞ்சினை எவ்வளவு தாழ்வாக வைப்பது, முன்ஃபோர்க்கை எவ்வளவு சாய்ப்பது, எடை எங்கே விழவேண்டும் என்பதெல்லாம் வாங்கிய சாமானோடு சேர்ந்து வராது.

க்ளஸ்டரில் ஃபிராங்க் வில்லோபி காட்டன் என்பவர் ஃப்ரேம் முழுவதையும் நேரான குழாய்களால் முக்கோணம் முக்கோணமாகக் கட்டினார். எஞ்சின் பிளாக்பர்ன் கம்பெனியுடையது. அந்த வண்டியில்தான் பந்தய வீரர் ஸ்டான்லி வுட்ஸ் 1923இல் தன் முதல் டி.டி. பந்தயத்தை ஜெயித்தார். இன்னொன்று சொன்னால் நார்ட்டன் பிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1907இல் நடந்த முதல் டி.டி. பந்தயத்தில் இரட்டை சிலிண்டர் பிரிவில் நார்ட்டன் ஜெயித்தபோது அதில் இருந்தது பெஜோ எஞ்சின். நாட்டிங்காமின் பிரஃப் சுப்பீரியர், இன்றும் கோடிகளில் விலைபோகும் வண்டி, பெரும்பாலும் ஜே.ஏ.பி. எஞ்சினும் பிறகு மேட்ச்லெஸ் எஞ்சினும் போட்டு வந்தது. அதையும் வெறும் அசெம்பிளி என்று ஒதுக்குவீர்களா?

டி.டி. டி.டி.ன்னு சொல்றீங்களே, அது என்ன?

அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே இருக்கும் மேன் தீவில் 1907 முதல் நடக்கும் டூரிஸ்ட் டிராஃபி என்ற சாலைப் பந்தயம். அப்போது பிரிட்டனில் பொதுச்சாலையை மூடிப் பந்தயம் விட அனுமதி இருக்கவில்லை. மேன் தீவின் தனிச்சட்டம் அனுமதித்தது. 1911இலிருந்து அது சுமார் 60 கிலோமீட்டர் சுற்றுள்ள மலைப்பாதையில் நடந்தது. ஜூனியர் என்றால் 350 சிசி, சீனியர் என்றால் 500 சிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப வருடங்களில் கணக்கு கொஞ்சம் வேறுபடும்.

அந்த வண்டிகளை ஓட்டுறது எப்படி இருந்திருக்கும்?

1910 வாக்கிலான ஒரு சாதாரண வண்டியை எடுத்துக்கொள்வோம். கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது. எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு தோல் பெல்ட். வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடவேண்டும். எஞ்சின் பிடித்ததும் தாவி ஏறவேண்டும். நின்றால் எஞ்சினும் நின்றுவிடும். மேடு வந்தால் பெடல் மிதித்து உதவவேண்டும். மழை பெய்தால் பெல்ட் வழுக்கும். வெயிலில் நீண்டு தொளதொளத்தால் வெட்டிச் சுருக்கவேண்டும்.

எண்ணெய் தானாகப் போகாது. சில மைல்களுக்கு ஒருமுறை டேங்க் அருகிலுள்ள கைப்பம்பை அழுத்தவேண்டும். மறந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், ஆர்வக்கோளாறில் அதிகம் அழுத்தினால் தெருவெல்லாம் புகை. இரவில் கார்பைடு விளக்கு. கார்பைடு கட்டியில் தண்ணீர் சொட்டி வரும் வாயுவைக் கொளுத்துகிற அதே விளக்கு. 1920களின் நடுவுக்குள் செயின், மூன்று கியர், கிளட்ச், கிக் ஸ்டார்ட்டர் எல்லாம் சாதாரணமாகிவிட்டன. பதினைந்து வருடத்தில் இவ்வளவு மாற்றம். இரண்டு வருடம் டிசைனை மாற்றாமல் இருந்த சின்னக் கம்பெனி பழசாகிப் போனது.

நட், பேட், டாட்னு பேர் எல்லாம் ஏன் இப்படி?

நட் என்பது அது பிறந்த நியூகாசில் அப்பான் டைன் ஊரின் முதலெழுத்துகள். பேட், அதைத் தொடங்கிய பேட்சன் என்பவரின் பெயரிலிருந்து வந்தது. பிறகு அதற்கு "சோதித்துப் பார்த்தால் இதுவே சிறந்தது" என்று பொருள்படும் விரிவை விளம்பரத்துக்காகச் சேர்த்துக்கொண்டார்கள். மான்செஸ்டரின் டாட்டுக்கு "தொந்தரவே இல்லாதது" என்று விரிவு. எச்.ஆர்.டி., ஏ.ஜே.எஸ்., ஜே.ஏ.பி. எல்லாம் மனிதர்களின் இனிஷியல்.

எனக்குப் பிடித்தது நெர்-ஆ-கார். வடிவமைத்தவர் பெயர் கார்ல் நெராக்கர். பெயரைப் பிரித்து உச்சரித்தால் ஆங்கிலத்தில் "கிட்டத்தட்ட கார்" என்று காதில் விழும். வண்டியும் அப்படித்தான் இருந்தது.

ரேஸ்ல ஜெயிச்சா வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போகுமே? அவங்க ஏன் மூடினாங்க?

இதற்கு எச்.ஆர்.டி. கதையைச் சொல்லியே ஆகவேண்டும். ஹோவர்ட் ரேமண்ட் டேவிஸ் ஒரு பந்தய வீரர். முதல் உலகப்போரில் விமானியாகப் போய், சுட்டு வீழ்த்தப்பட்டு, ஜெர்மனியில் கைதியாக இருந்து திரும்பியவர். 1921இல் ஏ.ஜே.எஸ். 350 சிசி வண்டியில் ஜூனியர் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். அதே சின்ன வண்டியோடு சீனியர் பந்தயத்திலும் இறங்கி, 500 சிசி வண்டிகளையெல்லாம் தாண்டி ஜெயித்தார். சீனியர் பந்தயத்தை 350 சிசி வண்டி ஜெயித்தது அந்த ஒருமுறைதான். அதற்கடுத்த வருடங்களில் அடுத்தவர்கள் செய்த வண்டிகள் அவரைப் பாதி வழியில் கைவிட்டன. எரிச்சலில் 1924இல் வுல்வர்ஹாம்ப்டனில் தானே கம்பெனி தொடங்கினார்.

மேலே சொன்ன மாதிரிதான். ஜே.ஏ.பி. எஞ்சின், வாங்கிய கியர்பாக்ஸ், சொந்த ஃப்ரேம். டேங்கும் சீட்டும் தாழ்ந்து, பார்க்கவே அம்சமாக இருக்கும். 1925இல் தன் பெயர் எழுதிய வண்டியில், தானே ஓட்டி, சீனியர் டி.டி.யை ஜெயித்தார். இப்படி ஒரு வருடம் யாருக்கு அமையும்! 1927இல் ஃபிரெட்டி டிக்சன் எச்.ஆர்.டி.யில் ஜூனியர் பந்தயத்தை ஜெயித்தார். 1928 தொடக்கத்தில் கம்பெனி கலைப்புக்குப் போனது.

வெற்றி ஆர்டர்களைக் கொண்டுவரும், ஆனால் ஆர்டரை வண்டியாக்க முன்பணம் வேண்டும். எஞ்சின் கம்பெனிக்குக் காசு கொடுத்தால்தான் எஞ்சின் வரும். வண்டி விற்றால்தான் காசு வரும். இந்த இடைவெளியைத் தாங்கும் மூலதனம் டேவிஸிடம் இல்லை. வண்டியின் விலையும் அதிகம். தரத்தில் சமரசம் செய்யமாட்டேன் என்றவரிடம் விலையைக் குறைக்க வழியும் இல்லை. நட் வண்டியின் கதையும் ஏறத்தாழ இதுதான். அதன் ஹியூ மேசன் 1913இல் ஜூனியர் டி.டி.யை ஜெயித்தார். அப்புறம் அந்தக் கம்பெனி மூடுவதும் திறப்பதுமாக 1933 வரை இழுத்துக்கொண்டு போனது.

முதல் உலகப்போர் இவங்களை வாழ வெச்சுதா, அழிச்சுதா?

யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டிரையம்ப் ராணுவத்துக்குச் சுமார் 30,000 வண்டிகள் விற்றது. டக்ளசும் பெருமளவில் விற்றது. ராணுவத்துக்கு ஒரே மாதிரி வண்டி ஆயிரக்கணக்கில் வேண்டும், அதைச் சின்னவர்களால் தரமுடியாது. 1916 நவம்பரில் பொதுமக்களுக்கு மோட்டார் சைக்கிள் செய்வதையே அரசு நிறுத்திவிட்டது. சிறிய கடைகள் குண்டு உறை கடைந்தும் உதிரிபாகம் செய்தும் பிழைத்தன. பல திரும்பி வரவேயில்லை. இன்னொரு தலைவலி மேக்னெட்டோ. பாஷ் ஜெர்மன் கம்பெனி என்று சொன்னேனே, 1914 ஆகஸ்டில் அந்த வரத்து ஒரே நாளில் நின்றது. பொறி தரும் சின்னப் பெட்டிக்கு எதிரி நாட்டை நம்பியிருந்தது அப்போதுதான் உறைத்தது.

போர் முடிந்ததும் நேர்மாறு. 1919இல் ஊர் திரும்பிய சிப்பாய்களிடம் காசு இருந்தது, வண்டி ஓட்டவும் கற்றிருந்தார்கள். ஆர்டர் குவிந்தது. விமானம் செய்தவர்களுக்கோ வேலை போய்விட்டது. கேமல் போர்விமானம் செய்த சாப்வித் கம்பெனி, கிரான்வில் பிராட்ஷா வடிவமைத்த 398 சிசி ஏ.பி.சி. வண்டியைச் செய்ய இறங்கியது. எதிரெதிராகப் படுத்த இரண்டு சிலிண்டர், நாலு கியர், பின்பக்கம் ஸ்பிரிங். காலத்துக்கு மிஞ்சிய வண்டிதான். ஆனால் வால்வை இயக்கும் பாகங்கள் பலவீனம், விலையும் ஏறிக்கொண்டே போனது. 1920இல் சாப்வித்தே கலைக்கப்பட்டது. வோக்கிங்கிலிருந்த இன்னொரு விமானக் கம்பெனியான மார்ட்டின்சைடு நல்ல வண்டி செய்தது. 1922இல் தீவிபத்து, 1923இல் கதை முடிந்தது.

இன்னொரு காரணத்தை யாரும் சொல்வதில்லை. 1919 செப்டம்பரில் வார்ப்புத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது மறு ஆண்டு ஜனவரி வரை போனது. சிலிண்டரும் கிராங்க்கேஸும் வார்ப்புதானே? ஆர்டர் கை நிறைய இருந்த நேரத்தில் எஞ்சின் வரவில்லை. வரத் தொடங்கி மூச்சுவிடுவதற்குள் 1920 கடைசியில் பொருளாதாரம் சரிந்தது.

ஏமாத்துப் பேர்வழிகள் யாரும் இல்லையா?

இல்லாமல் எப்படி? எட்வர்ட் ஜோயல் பென்னிங்டன் என்ற அமெரிக்கர் 1896இல் பிரிட்டனுக்கு வந்தார். அவர் விளம்பரப் படத்தில் மோட்டார் சைக்கிள் ஆற்றைத் தாண்டிப் பறக்கும். எச். ஜே. லாசன் என்ற முதலீட்டுக்காரர் 1,00,000 பவுண்டு கொடுத்து அவருடைய காப்புரிமைகளை வாங்கியதாகக் கணக்கு. உருப்படியாக ஓடிய வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். லாசனே பிறகு வேறொரு மோசடி வழக்கில் 1904இல் சிறை போனார்.

ஆனால் இவர்களை வைத்து மொத்தப் பேரையும் எடைபோடக்கூடாது. மூடிய கம்பெனிக்காரர்களில் பெரும்பாலோர் சொந்தக் காசைத் தொலைத்தவர்கள்.

இருக்கிறதிலேயே விசித்திரமான வண்டி எது?

மியூனிக்கின் மெகோலா, சந்தேகமே இல்லை. 1921 முதல் 1925 வரை சுமார் 2,000 வண்டிகள் செய்தார்கள். ஐந்து சிலிண்டர், 640 சிசி எஞ்சின், முன்சக்கரத்துக்குள்ளே! நட்சத்திரம் போல் விரிந்த சிலிண்டர்களும் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும். கிளட்ச் இல்லை, கியர் இல்லை. நெரிசலில் நிற்கவேண்டி வந்தால் எஞ்சினை அணைக்கவேண்டும், அல்லது அங்கேயே வட்டமடித்துக்கொண்டு இருக்கவேண்டும். பந்தயத்திலும் ஜெயித்தது என்பதுதான் ஆச்சரியம்.

வாள் செய்யும் வில்கின்சன் கம்பெனியின் வண்டியையும் சொல்லவேண்டும். நாலு சிலிண்டர், பிற்பாடு தண்ணீரால் குளிர்விப்பு, உட்கார சோபா மாதிரி சீட்டு. 1916இல் நிறுத்திவிட்டார்கள். துப்பாக்கிமுனைக் கத்திக்கு ராணுவத்தில் இருந்த கிராக்கியில் சோபா வண்டி யாருக்கு வேண்டும்?

ஜெர்மனியிலும் இப்படித்தானா?

இன்னும் தீவிரமாக. 1920களின் முதல் பாதியில் அங்கே நூற்றுக்கணக்கான பெயர்கள் முளைத்தன. பணவீக்கம் அதற்கு உரம். 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். காலையில் வாங்கிய சம்பளம் மாலையில் காகிதம். கையில் இருக்கும் காசை ஏதாவது பொருளாக்கிவிடு என்று எல்லோரும் ஓடினார்கள், பட்டறைக்காரர்களும் கிடைத்ததைச் செய்து விற்றார்கள். புது மார்க் வந்து பணம் நிலைபெற்றதும், கடன் கிடைக்கவில்லை, வாங்க ஆளும் இல்லை. ஓரிரு வருடத்தில் பெரும்பாலானவை காணாமல் போயின. மெகோலாவும் அந்த வரிசையில்தான் போனது. பிழைத்து வளர்ந்தது ட்ஸ்கோப்பாவ் ஊரின் டி.கே.டபிள்யூ. அது தானும் வண்டி செய்தது, அடுத்தவர்களுக்கும் எஞ்சின் விற்றது.

அமெரிக்காவுல ஹார்லி, இந்தியன் ரெண்டு மட்டும்தானே மிஞ்சிச்சு? ஏன்?

ஹென்றி ஃபோர்டு. 1908இல் மாடல் டி கார் வந்தபோது விலை 850 டாலர். 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. நல்ல மோட்டார் சைக்கிளும் சைடுகாரும் சேர்ந்தால் அதே விலை. குடும்பத்தோடு, மழையில் நனையாமல் போகலாம் என்றால் யார் மோட்டார் சைக்கிள் வாங்குவார்கள்? மெர்க்கல், பியர்ஸ், தார், சைக்ளோன் என்று வரிசையாகப் போயின. பியர்ஸ் கம்பெனி தடித்த ஃப்ரேம் குழாய்க்குள்ளேயே பெட்ரோலையும் எண்ணெயையும் நிரப்பி நாலு சிலிண்டர் வண்டி செய்தது. அழகு, ஆனால் கட்டுப்படியாகவில்லை, 1913இல் நிறுத்தினார்கள்.

ஹெண்டர்சன் கதை கொஞ்சம் சோகம். வில்லியம் ஹெண்டர்சனும் சகோதரர் டாமும் டெட்ராய்ட்டில் தொடங்கிய நாலு சிலிண்டர் வண்டி அது. கார்ல் கிளான்சி என்ற இளைஞர் 1912-13இல் அதில்தான் உலகம் சுற்றினார். வழியில் இலங்கையிலும் ஓட்டினார். 1917இல் சகோதரர்கள் கம்பெனியை விற்றுவிட்டார்கள். வில்லியம் ஃபிலடெல்ஃபியாவில் ஏஸ் என்று புதுப்பெயரில் மறுபடி தொடங்கினார். 1922 டிசம்பரில் தன் வண்டியைச் சோதித்து ஓட்டும்போது கார் மோதி இறந்தார். ஏஸ் 1924இல் நின்றது. இந்தியன் அதை 1927இல் வாங்கி, 1942 வரை தன் பெயரில் அந்த நாலு சிலிண்டர் வண்டியைச் செய்தது.

சரி, பிரிட்டன்ல மூடினதுக்கு ஒரே ஒரு காரணம் சொல்லுங்க.

கையில் காசில்லை. எச்.ஆர்.டி. பற்றிச் சொன்ன அதே இடைவெளி. மற்றதெல்லாம் அந்தக் காசில்லாதவரைத் தள்ளிவிட்ட காற்று. 1920-21 சரிவு ஒரு காற்று. 1922இல் வந்த ஆஸ்டின் செவன் காரும் மற்ற மலிவுக் கார்களும் சைடுகார் வாங்கும் குடும்பங்களை இழுத்துக்கொண்டது இன்னொன்று. பி.எஸ்.ஏ., டிரையம்ப் போன்ற பெரியவர்கள் மொத்தமாகச் செய்து விலையைக் குறைத்தது மூன்றாவது. எஞ்சினையே வெளியில் வாங்குகிறவரால் அந்த விலைக்கு வரவே முடியாது. எஞ்சின் கம்பெனியின் லாபமும் அவர் வண்டி விலையில்தானே ஏறுகிறது? 1929க்குப் பிறகு வந்த மந்தம் மீதி இருந்தவர்களையும் துடைத்தது. பெரிய பெயரான ஏ.ஜே.எஸ்.ஸே 1931இல் கைமாறியது.

மட்டமான வண்டி செய்ததால் மூடினார்கள் என்பது மட்டும் பொதுவாகப் பொருந்தாது. மட்டமான வண்டி செய்தவர்களும் உண்டு, ஆனால் நல்ல வண்டி செய்தவர்களும் அதே வேகத்தில்தான் போனார்கள்.

உதிரிபாகம் வித்தவங்க மட்டும் எப்படித் தப்பிச்சாங்க?

நூறு பேருக்கு விற்கிறவருக்கு இருபது பேர் மூடினால் மீதி எண்பது பேர் இருக்கிறார்கள். அதோடு ஜே.ஏ.பி.யும் வில்லியர்ஸும் விவசாய எஞ்சின், பம்பு, புல்வெட்டும் மெஷின் என்று வேறு பக்கமும் விற்றார்கள். அமாக், பின்க்ஸ், பிரவுன் அண்ட் பார்லோ ஆகிய மூன்று கார்புரேட்டர் கம்பெனிகள் 1927இல் ஒன்றாகி அமல் ஆயின.

பழைய புல்லட் மெக்கானிக்குகளுக்கு இந்த இடத்தில் காது நிமிரும். அமல் கார்புரேட்டரும் ஆல்பியன் கியர்பாக்ஸும் அவர்களுக்குப் பழகிய பெயர்கள். 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் செய்ய ஆரம்பித்தபோது, ஆல்பியன் கியர்பாக்ஸ் டிசைனும் கூடவே வந்தது. பெயர்கூட மறந்துபோன எத்தனையோ பர்மிங்காம் வண்டிகளுக்கு கியர்பாக்ஸ் கொடுத்த அதே ஆல்பியன். ராயல் என்ஃபீல்டும் அந்தக் காலத்தில் விதிவிலக்கில்லை. 1912இல் வந்த அதன் பெரிய சைடுகார் மாடலில் இருந்தது ஜே.ஏ.பி. எஞ்சின்.

எக்ஸெல்சியர் அமெரிக்க வண்டியா, இங்கிலீஷ் வண்டியா?

இரண்டும். போதாக்குறைக்கு ஜெர்மனியிலும் ஒன்று. மூன்றுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. சிகாகோ எக்ஸெல்சியர் பிரிட்டனில் விற்கும்போது குழப்பம் வராமல் இருக்க "அமெரிக்கன் எக்ஸ்" என்று பெயர் மாற்றிக்கொண்டது. டிரையம்பும் இப்படித்தான், கவென்ட்ரியில் ஒன்று, நியூரம்பர்க்கில் ஒன்று. ஆனால் அவை இரண்டும் ஆரம்பத்தில் ஒரே குடும்பம்.

மொத்தம் எத்தனை கம்பெனின்னு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கணக்கு சொல்றாங்களே?

எதை கம்பெனி என்று எண்ணுகிறீர்கள் என்பதில்தான் சிக்கல். ஒரே பட்டறை மூன்று பெயரில் விற்றிருக்கும். ஊர்ப்பக்க சைக்கிள் கடைக்காரர் பத்து வண்டி வாங்கி, டேங்கில் தன் கடைப்பெயரை ஒட்டி விற்றிருப்பார். அதுவும் பட்டியலில் ஏறிவிடும். திவாலாகி மறுமாதமே "நியூ" என்று முன்னால் ஒரு சொல் சேர்த்துத் திறந்த கம்பெனியை ஒன்றாக எண்ணுவதா, இரண்டாகவா? பத்திரிகையில் அறிவிப்பு மட்டும் வந்து, ஒரு வண்டிகூட வெளியே வராத பெயர்களும் உண்டு. ஆகவே யாராவது துல்லியமாக ஒரு எண்ணைச் சொன்னால் நான் சிரித்துவிட்டுக் கடந்துவிடுவேன்.

டேங்கில ஒரு பேர், எஞ்சின்ல வேற பேர் இருக்கு. போலி வண்டியா?

எஞ்சினைப் பற்றிய கேள்விக்கு மேலே சொன்ன பதிலைப் படித்திருந்தால் இதைக் கேட்கமாட்டீர்கள். இரண்டு பெயர் இருப்பது அந்தக் காலத்து இயல்பு. சந்தேகப்படவேண்டியது வேறு இடத்தில். எஞ்சினில் ஜே.ஏ.பி. எண் 1926ஐக் காட்டுகிறது, ஃப்ரேம் லக் 1914 மாதிரி, கியர்பாக்ஸ் 1930 என்றால், யாரோ பிற்காலத்தில் கையில் கிடைத்ததைக் கோத்திருக்கிறார்கள். பழைய வண்டிக்காரர்கள் இதைக் கேலியாக "பிட்சா" என்பார்கள். இதில் ஒரு துண்டு, அதில் ஒரு துண்டு என்று பொருள்.

பிரிட்டனில் 1946இல் தொடங்கிய விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் பழைய பதிவேடுகளைப் பாதுகாத்து, எண்ணைப் பார்த்து வயது சொல்ல உதவுகிறது. மூடிய கம்பெனியின் பதிவேடு பெரும்பாலும் குப்பைக்குப் போயிருக்கும். எஞ்சின் விற்றவரின் பதிவேடோ, ஊராட்சி வண்டிப்பதிவோதான் கைகொடுக்கும்.

இதையெல்லாம் நேர்ல பார்க்க முடியுமா?

முடியும். பர்மிங்காம் அருகே 1984இல் திறந்த தேசிய மோட்டார் சைக்கிள் அருங்காட்சியகம் இருக்கிறது. 2003இல் நடந்த தீவிபத்தில் சுமார் 380 வண்டிகள் எரிந்தன, பெரும்பாலானவற்றை மீட்டுப் புதுப்பித்தார்கள். வண்டி ஓடுவதையே பார்க்கவேண்டுமென்றால் 1930இலிருந்து நடக்கும் பயனியர் ரன். 1915க்கு முன் செய்த வண்டிகள் மட்டும் பிரைட்டன் கடற்கரை வரை ஓடும். தள்ளிக்கொண்டு ஓடித் தாவி ஏறுவதை அங்கே கண்ணாரக் காணலாம். வாங்குகிற எண்ணம் இருந்தால் மறந்துவிடுங்கள். சைக்ளோன் வண்டி ஒன்று 2015இல் 8 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

வின்சென்ட் எச்.ஆர்.டி.ன்னு ஒரு வண்டி இருக்கே, அது டேவிஸ் செஞ்சதா?

டேவிஸ் செய்ததில்லை. அவர் கம்பெனி கலைந்தபோது ஓ.கே. சுப்ரீம் கம்பெனியின் எர்னி ஹம்ஃப்ரீஸ் எல்லாவற்றையும் வாங்கினார். அவருக்கு வேண்டியது இடமும் சாமானும்தான். பெயரை ஃபிலிப் வின்சென்ட் என்ற இளைஞருக்கு விற்றுவிட்டார். அர்ஜென்டினாவில் பண்ணை வைத்திருந்த அப்பாவின் காசு பையன் பின்னால் இருந்தது. தன் பெயரை யாருக்கும் தெரியாது, டி.டி. ஜெயித்த பெயரை வாங்கினால் வண்டி விற்கும் என்பது கணக்கு. ஸ்டீவனேஜில் 1928இல் தொடங்கினார். டேங்கில் எச்.ஆர்.டி. பெரிதாக, வின்சென்ட் சின்னதாக. அமெரிக்கர்கள் அதை ஹார்லி டேவிட்சனோடு குழப்பிக்கொள்கிறார்கள் என்று 1950 வாக்கில்தான் அந்த மூன்றெழுத்தை எடுத்தார்கள்.

எஞ்சினை வைத்து இரண்டையும் பிரிக்கலாம் என்று நினைக்காதீர்கள். 1934 கடைசியில் சொந்த எஞ்சின் வரும்வரை வின்சென்டும் ஜே.ஏ.பி.யைப் போட்டுத்தான் விற்றார். பின்சக்கரத்தைப் பாருங்கள். ஸ்பிரிங் இருந்தால் வின்சென்ட் வண்டி, குழாய் நேராக அச்சுக்குப் போய்ச் சேர்ந்தால் டேவிஸ் செய்தது.